பூஜையில் வைத்த ரோபோ புத்தகம்

எல்லாம் செல்போனிலேயே கிடைக்கும்போது எதற்கு இந்தத் தடிப் புத்தகம் என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதை விட்டுவிட்டேன். கேட்கிற ஒருத்தனும் விளையாடுகிறவன் இல்லை. இந்த வயதில் ரோபோ பொம்மையா என்று சிரித்துவிட்டுப் போகிறவன்.

பொம்மை இல்லை, போர். அறுகோணக் கட்டம் போட்ட வரைபடத்தை மேசையில் விரித்து, சுண்டுவிரல் உயரத்தில் ராட்சத ரோபோக்களை நிறுத்தி, பகடை உருட்டி அடித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு ரோபோவுக்கும் ஒரு தாள் உண்டு. மார்பில் எவ்வளவு கவசம், முதுகில் எவ்வளவு என்று அதில் வட்டம் வட்டமாகப் போட்டிருக்கும். அடி விழ விழ வட்டங்களை அடித்துக்கொண்டே வருவோம். முதுகு வட்டம் தீர்ந்தபின்னும் அடி மிச்சமிருந்தால் அது உள்ளே எஞ்சினில் போய் விழும், ரோபோ செத்துவிடும். எந்த ரோபோவுக்கு எத்தனை வட்டம் என்று சொல்வது அந்தப் புத்தகம்தான். அதைப் பார்த்துத்தான் தாளைக் கையால் வரைவோம்.

குமாரபாளையத்தில் எனக்கு எட்டு விசைத்தறி. என்னோடு விளையாடுகிறவன் பாலிடெக்னிக்கில் கூடப் படித்தவன், சேலத்தில் ஜவுளிக் கடை வைத்திருந்தான். இந்தச் சுற்றுவட்டாரத்தில் இதை விளையாட எனக்குத் தெரிந்து வேறு ஆள் கிடையாது. பெங்களூரில் ஒரு பழைய புத்தகக் கடையில் இரண்டு பேரும் சேர்ந்துதான் அதை வாங்கினோம். அட்டை பிய்ந்தபோது என் தறியில் ஓடிய லுங்கித் துணியை வெட்டி ஒட்டினேன். சண்டை வந்தால் புத்தகம் சொல்வதே முடிவு. அச்சில் தப்பு இருப்பது தெரிந்தால் ஓரத்தில் பென்சிலால் திருத்தி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். செல்போனில் கிடைக்கிற பதிப்பு செல்லாது, அதில் எண்கள் வேறு. இதெல்லாம் நாங்களே வைத்துக்கொண்ட சட்டம்.

வருஷத்தில் பெரிய ஆட்டம் ஆயுத பூஜை அன்றைக்கு. மற்ற நாளில் இந்த ஊரில் கத்தித்தான் பேச வேண்டும். அன்றைக்குத் தறி நிற்கும். மதியச் சாப்பாடு முடிந்ததும் தறிப்பட்டறைக்குப் பின்னால் பாவு நூல் வைக்கிற பாவு அறையில் மேசையைப் போட்டு உட்காருவோம். போன ஆயுத பூஜை அவனுக்குக் கடைசி. கடையை மூடிவிட்டு மஸ்கட்டுக்கு வேலைக்குப் போகிறான், மறுநாள் விடிகாலை கோயம்புத்தூரில் விமானம். பெட்டி கட்டுவதை விட்டுவிட்டு, எனக்காக சங்ககிரி வழியாக பஸ் ஏறி வந்திருந்தான். மூன்று வருஷமாக நடந்த போர் அன்றைக்கு முடிய வேண்டும்.

ஒவ்வொரு வருஷமும் அந்தப் புத்தகத்தை மட்டும் பூஜையில் வைக்க மாட்டேன், ஆட்டத்துக்கு வேண்டுமே. அந்த வருஷம் வைத்தேன். தறிக் கணக்கு நோட்டுகளுக்கு மேலே, அட்டையில் சந்தனம் குங்குமம் வைத்து, நானே வைத்தேன். கடைசி ஆட்டத்துக்கு ஒரு மரியாதை என்று மனைவியிடம் சொன்னேன். உண்மை என்னவென்றால் திமிர். எனக்குத்தான் புத்தகமே மனப்பாடம் என்று நினைப்பு. பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை முடியும் வரை தொடக் கூடாது.

ஆட்டம் அவன் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. எனக்கு ஒரே ஒரு வாய்ப்புத்தான். அவனுடைய பெரிய ரோபோவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று சுட்டேன். எட்டு அடி விழுந்தது. முதுகில் ஏழு வட்டம், செத்தது என்றேன். அவன் தாளைத் திருப்பிக் காட்டினான். பத்து வட்டம் இருந்தது.

"ஏழுதான். நீ மூணு வட்டம் சேத்திப் போட்டிருக்க."

அவன் முதலில் சிரித்தான். "அச்சுத் தப்புடா அது. நாம ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுத் திருத்துனோமே. புக்க எடு, பாத்துரலாம்."

அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று அடித்துச் சொன்னேன். டீ கொண்டுவந்த என் மனைவி, புத்தகத்தை எடுக்கலாமா என்று நான் கேட்பதற்குள்ளாகவே சொல்லிவிட்டாள்.

"நீங்கதானுங்க வெச்சீங்க. இப்ப நீங்களே கலைப்பீங்களாக்கும்? எட்டுத் தறியும் அங்கதான் கும்பிட்டு நிக்குது."

அவன் செல்போனை எடுத்தான். அது வேற பதிப்பு, செல்லாது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எடுத்துப் பார்க்க முடியாது என்று தெரிந்துதானே மூன்று வட்டம் சேர்த்தாய் என்று கேட்டேன். கடையில் முழத்தைக் குறைத்துப் போடுகிற புத்தி எங்கே போகும் என்றும் சொன்னேன். என் வாய் இருக்கிறதே.

அவன் டீயைக் குடிக்காமல் வைத்தான்.

"புக்க எடுக்க வேணாம்டா. உன் பூஜையக் கெடுக்கச் சொல்லி நான் கேக்கல. நான் திருடன் இல்லைன்னு மட்டும் சொல்லு. போயிட்டு வாரேன்."

நான் சொல்லவில்லை. ஜன்னல் வழியாக எதிர்ப் பட்டறை வாசலில் உடைத்த பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் தன் ரோபோக்களை எடுத்துக்கொள்ளாமலே போனான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியில் கொண்டுபோய் விடக்கூட நான் போகவில்லை.

பூஜை மேல் எனக்கு அவ்வளவு பயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பூ வைத்த தறியையே அவசரத்துக்கு ஓட்டியவன் நான். அன்றைக்கு அந்தப் புத்தகத்தை எடுக்காததற்குக் காரணம், அவன் சொன்னது சரியாக இருந்துவிடுமோ என்ற பயம். மனைவி சொன்னது எனக்கு வசதியாகப் போயிற்று.

மறுநாள் காலை கற்பூரம் அணைவதற்குள் எடுத்துப் பிரித்தேன். முதுகுக் கவசம் ஏழு என்றுதான் அச்சடித்திருந்தது. அதன்மேல் பென்சில் கோடு. ஓரத்தில் பத்து என்று என் கையெழுத்தில், என்னுடைய கோணல் எழுத்தில் எழுதியிருந்தது. கீழே இரண்டு கையெழுத்து. மேலே இருப்பது என்னுடையது.

அவனுக்குப் போன் போட்டேன். சுவிட்ச் ஆப். விமானம் கிளம்பியிருக்கும். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பி, நீ திருடன் இல்லை, நான்தான் தப்பு என்று எழுதினேன். சாயங்காலம் பார்த்துவிட்டான் என்று காட்டியது. பதில் இல்லை. அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து முறை எழுதியிருப்பேன். அவன் தம்பியிடம் போய்க் கேட்டேன். நன்றாக இருக்கிறான் என்றான், வேறு ஒன்றும் சொல்லவில்லை.

மனப்பாடம் எனக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததைத் தூக்கிப் போட்டுவிட்டது. புத்தகம் இரண்டையும் வைத்திருந்தது. நான்தான் அதைக் கொண்டுபோய்க் குங்குமத்துக்குக் கீழே பூட்டினேன்.

பாவு அறை மேசையை இன்னும் கலைக்கவில்லை. நூல் தூசி விழாமல் பாலிதீன் போட்டு மூடியிருக்கிறேன். பண்டல் வைக்க இடமில்லை என்று மனைவி தினமும் திட்டுகிறாள். அவன் தாளில் எட்டு வட்டத்தை நானே அடித்து வைத்தேன். இரண்டு மிச்சம் இருக்கிறது. ரோபோ சாகவில்லை. அடுத்து உருட்ட வேண்டியது அவன்தான்.