பாய் கடை வாசலில் நின்ற வெள்ளைக் கார்

ஒரே தெருவுக்காக ஒரே மனிதரிடம் இரண்டு முறை திட்டு வாங்கியிருக்கிறீர்களா? நான் வாங்கினேன். இரண்டாவது முறை, போன சனிக்கிழமை.

முதல் திட்டு ஒரு மாதத்துக்கு முன்னால். பெரம்பலூரில் எங்கள் கடைவீதிக்குள் கார், பைக் நுழையாமல் தடுத்து, நடப்பவர்களுக்கு மட்டும் விட்டுப் பார்ப்பது என்று நகராட்சியில் முடிவானது. வண்டிகளுக்குத் தெருமுனைத் திடல். ஒரு மாதம் சோதனை. வியாபாரம் படுத்தால் பழையபடி. இந்த யோசனையைப் பேப்பரில் எழுதி, ஊரெல்லாம் பேசித் திரிந்தவன் நான்தான்.

செருப்புக் கடை ஜப்பார் பாய் கொதித்துவிட்டார். பக்கத்து ஊரான லப்பைக்குடிகாட்டுக்காரர். பதினைந்து வருடம் துபாயில் உழைத்துச் சேர்த்ததையெல்லாம் இந்தக் கடையில்தான் போட்டிருக்கிறார்.

"வாசல்ல கார் நிக்கலன்னா கஸ்டமர் எப்டி சார் வருவாங்க? நீங்க பேப்பர்ல எழுதிட்டுப் போயிடுவீங்க. நான் மறுபடி ஃபிளைட் ஏறணுமா?"

அந்தக் கேள்வி வலித்தது. ஆனாலும் என் நம்பிக்கை அசையவில்லை. ஏன் என்கிறீர்களா?

எங்கள் கடைவீதிக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் ஷட்டரைத் தூக்குவது முதல் வேலை. தன் வண்டியைத் தன் கடை வாசலிலேயே குறுக்கே நிறுத்துவது இரண்டாவது வேலை — வேறு யாரும் நிறுத்திவிடக் கூடாதாம்! கடை சாத்தும் வரை அது நகராது. பாயின் வெள்ளைக் காரும் அப்படித்தான். பிறகு கஸ்டமர் எங்கே நிறுத்துவார்? பஸ் ஸ்டாண்டிலிருந்து பையும் பிள்ளையுமாக வரும் பெண்கள் நடுரோட்டில்தான் போவார்கள். ஹாரனுக்கு ஒதுங்கவே நேரம் சரியாக இருக்கும்... கடையைப் பார்ப்பது எப்போது?

தடுப்பு வைத்த முதல் வாரம் பாய் என்னோடு பேசவில்லை. கடையில் கூட்டமும் இல்லை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது வாரம், வாலிகண்டபுரத்திலிருந்து வந்த ஒரு பெண் மூன்று பிள்ளைகளோடு பாய் கடைக்குள் நுழைந்திருக்கிறார். வருடக்கணக்காக இந்தத் தெருவில் போய் வருகிறவர்.

"இங்க ஒரு செருப்புக் கடை இருக்கறதே இன்னிக்குத்தாங்க தெரியும்" என்றாராம்.

அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை என்று பாயே பின்னால் சொன்னார். இத்தனை வருடம் கடையை மறைத்துக்கொண்டு நின்றது அவர் கார்தானே?

போன சனிக்கிழமை சோதனை முடிந்தது. போய்ப் பார்த்தால், தெருமுனைத் தடுப்புகளை எடுத்து ஓரமாகச் சாய்த்திருந்தார்கள். அவ்வளவுதானா? பதறிப் போய் பைக்கிலேயே பாய் கடை வரை போய்விட்டேன்.

கார் நின்ற இடத்தில் ஒரு நீள பெஞ்ச். பிள்ளைகள் உட்கார்ந்து செருப்பு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாய் வாசலுக்கு வந்து கையை நீட்டி மறித்தார்.

"வண்டியத் திருப்புங்க சார். தடுப்புக்கு பெயிண்ட் அடிக்க எடுத்தா, நீங்களே உள்ள வந்துடுவீங்களா? ஆளுங்க நடக்கற எடம்."

பைக்கைத் திடலில் விட்டுவிட்டு நடந்து வந்த பிறகுதான் டீ கொடுத்தார்!