தண்டவாளத் துண்டில் முதல் அடி

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே ஆபீசில் நான் கிராணி, அதாவது குமாஸ்தா. 'ஆபத்தென்றால் ஓடிவர இங்கே ஒரு நாதியில்லை' என்று கடல் தாண்டி ஊரிலிருந்த மனைவிக்குக் கடிதம்தோறும் எழுதுவேன். பொழுதுபோக வீட்டுக்குப் பின்னால் ஒரு கொல்லுப்பட்டறை போட்டேன். மண்ணில் உலை, கைத்துருத்தி, பட்டடைக்குப் பதிலாக யார்டில் கேட்டு வாங்கிய தண்டவாளத் துண்டு.

ஞாயிறு மதியம், ஆணி செய்யப் பழுக்கக் காய்ச்சிய கம்பியை வைத்து உற்சாகமாக அடித்தேன். தண்டவாளம் கணீரென்று ஊருக்கே கேட்டது. ரயில் தடம்புரண்டால் ஆள் கூப்பிட எங்கள் லயக் குடியிருப்பில் தண்டவாளத்தைத்தான் அடிப்பார்கள். அது என் மண்டையில் உறைக்கவே இல்லை.

கடப்பாரையோடு இருபது பேர் ஓடிவந்தார்கள். முன்னால் வந்த மண்டோரின், அதாவது மேஸ்திரியின், விரல்களில் சோறு ஒட்டியிருந்தது.

"ரயில் எங்க கவுந்துச்சு, கிராணி? யாருக்காச்சும் அடியா?"

வேலை போச்சு என்று நினைத்தபடி, அடித்து முடித்த கோணல் ஆணியைக் காட்டினேன். "இதுதாண்ணே செஞ்சேன்."

அதை உற்றுப் பார்த்தவர் வாய்விட்டுச் சிரித்தார். "ஆமா, இது கவுந்துதான் கெடக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். அவரே ஈரச் சாக்கை மடித்துத் தண்டவாளத்துக்கடியில் திணித்தார். "இப்ப அடிங்க, சத்தம் வராது. நாங்க சாப்பிடணும்."

அன்று மாலை மனைவிக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். வழக்கமான அந்த வரி மட்டும் அதில் இல்லை.