கையால் பேசிய வீடு

என் மகள் ரெண்டு வயது வரை பேசவில்லை. அழுவாள், அதுவும் கொஞ்சம்தான். சிரிப்பாள், சத்தம் வராது. நாங்கள் அதை நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

நான் ஒரகடத்தில் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் பிரஸ் ஓட்டுகிறேன். தகட்டை வைத்தால் மேலேயிருந்து இறங்கி அடிக்கும் மிஷின். வரிசையில் எல்லாம் சேர்ந்து அடிக்கும்போது பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது. காதில் பிளக் வேறு. அதனால் அங்கே பேச்சு கையால்தான். கையை விரித்து முகத்துக்கு நேரே காட்டினால் நிறுத்து. ரெண்டு விரலை உதட்டுக்குக் கொண்டுபோனால் டீ. விரலை வட்டமாகச் சுற்றினால் ஓட்டு. மணிக்கட்டைத் தட்டினால் நேரமாச்சு, ஆளை மாற்று. புதுப் பையன் வந்தால் மிஷினுக்கு முன்னால் இதைத்தான் சொல்லிக்கொடுப்போம்.

என் மனைவி பிரசவத்துக்கு முன்னால் சுங்குவார்சத்திரம் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் இருந்தாள். அங்கே மிஷின் சத்தம் இல்லை. ஆனால் லைனில் பேசக்கூடாது. பேசினால் சூப்பர்வைசர் பின்னால் வந்து நிற்பார். அப்படியே பழகிவிட்டாள். கல்யாணமான புதிதில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம், எழுந்துவிடுவோம். சண்டை கிடையாது. பேச ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

குடியிருப்பது லைன் வீட்டில். நடுவில் ஒரு நடை, ரெண்டு பக்கமும் ரூம். மேலே சிமெண்ட் ஷீட்டு. ஒரு ரூமில் தும்மினால் கடைசி ரூமில் கேட்கும். எங்களைத் தவிர அப்போது எல்லாம் கம்பெனிப் பையன்கள். தூத்துக்குடி, ராமநாதபுரம், தேனி என்று தெற்கே இருந்து வந்தவர்கள். நானும் மானாமதுரைப் பக்கம்தான்.

வீட்டுக்காரம்மா உள்ளூர். ரூம் கேட்டுப் போனபோது மனைவியின் வயிற்றைப் பார்த்தார்.

"ஃபேமிலிக்குக் குடுக்கறதில்லப்பா. பசங்க நைட்டு முடிச்சிட்டு வந்து பகல்ல தூங்கினு இருப்பானுங்கோ. கொயந்த கத்துச்சின்னா எவன் இருப்பான்?"

"சத்தம் வராதுக்கா," என்றேன்.

"வராதுன்னா? கொயந்த வாயில பூட்டு போடுவியா?"

"வராதுக்கா. பாத்துக்கிறோம்."

சொன்னதைக் காப்பாற்றினோம். குழந்தை சிணுங்கினால் மனைவி உடனே பால் கொடுப்பாள். அடங்காவிட்டால் தூக்கிக்கொண்டு ரோட்டுப் பக்கம் போய்விடுவாள். குக்கருக்கு வெயிட்டு போடமாட்டாள். வெளியே போனால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடை முழுக்க நடந்து, கேட்டுக்குப் பக்கத்தில்தான் காலில் போடுவாள். போனில் பொம்மைப் படம் காட்டினால் சத்தத்தை அணைத்துவிட்டுக் காட்டுவாள்.

எல்லாரும் அப்படித்தான் இருந்தோம். அதில் காரணம் உண்டு. பிரஸ் ஓட்டுகிறவன் தூக்கம் கெட்டால் விரல் போகும். கண்ணால் பார்த்திருக்கிறேன். பகலில் ஒருத்தனை எழுப்பிவிடுவது என்பது எங்கள் வரிசையில் பெரிய தப்பு.

ரூமுக்குள் நானும் கையால்தான். தண்ணி வேணுமா என்று விரலைக் காட்டிக் கேட்பேன். மனைவி தலையை ஆட்டுவாள். மகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே கிடந்தாள். தவழ்ந்தாள், நடந்தாள். ஒரு நாள் பால் வேண்டும் என்று ரெண்டு விரலை உதட்டில் வைத்தாள். போதும் என்றால் கையை விரித்துக் காட்டினாள். வேலை முடிந்து வந்ததும் நான் வாசலில் நின்று காதிலிருந்து பிளக்கை எடுப்பது வழக்கம். பாதி நாள் அதோடுதான் பஸ் ஏறுவேன். அதனால் என்னைக் கூப்பிட அவள் காதில் விரலை வைப்பாள். அப்பா என்றால் அதுதான்.

எதிர் ரூம் பையன் தூத்துக்குடிக்காரன். அவனும் பிரஸ்தான், வேறு கம்பெனி. அவன்தான் ரொம்பச் சிரிப்பான்.

"அண்ணே, ஒங்க பொண்ணுக்கு ஐ.டி. கார்டு போட்டுருங்க. நம்ம லைன் லீடரு என்னைய திட்டுததுக்குப் பதிலா இவ கையைக் காட்டுனா போதும்."

"லீடருக்கு மேல வருவாடா."

"மேனேஜராவா? அவங்கதான் வாயே தொறக்க மாட்டாங்க."

வீட்டுக்காரம்மாவும் வாடகை வாங்க வரும்போது அவள் கன்னத்தைக் கிள்ளுவார். "தங்கம்யா இது. கொயந்த இருக்குதா இல்லயான்னே தெரில." கேட்க நன்றாக இருந்தது.

பால்வாடி டீச்சர் எடை பார்க்க வந்த அன்று நான் நைட் முடித்து வீட்டில் இருந்தேன். தராசில் மகளைத் தூக்கி வைத்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தார். "பாப்பா பேர் இன்னா? அம்மா எங்க? நாய் எப்படிக் கத்தும்?" மகள் அவர் முகத்துக்கு நேரே கையை விரித்துக் காட்டினாள். டீச்சர் சிரித்தார். இன்னொன்று கேட்டார். மறுபடியும் கை. டீச்சர் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

"இன்னும் பேசலியா?"

"பேசலைங்க," என்றாள் மனைவி.

"அம்மான்னுகூட?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் தராசைப் பார்த்தேன்.

காது கேட்கிறதா என்று பார்க்க பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். லீவு போட்டுப் போனோம். ஒரு ரூமுக்குள் உட்காரவைத்துச் சத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் சின்ன வயது அம்மா.

"காது நல்லா இருக்கு. வீட்ல யார் யார் பேசுவீங்க குழந்தைகிட்ட?"

மனைவி மகளின் சட்டையை இழுத்து விட்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்குவீங்கள்ல?"

"பேசுவோம்," என்றேன். "வெளிய போனா."

அவர் பேனாவை மூடிவிட்டு எங்களைப் பார்த்தார். திட்டவில்லை. நிறையப் பேசுங்கள், படம் காட்டிச் சொல்லுங்கள், மாதாமாதம் கூட்டிவாருங்கள், இப்போது விட்டால் கஷ்டம் என்றார். எவ்வளவு கஷ்டம் என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மனைவி அழுதாளா என்று தெரியாது. சத்தம் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீச்சர் எங்கள் லைன் வீட்டுக்கே வந்தார். வாராந்திர லீவு, எல்லாரும் இருந்தார்கள். வீட்டுக்காரம்மாவையும் கூட்டிவந்து நடையில் உட்கார வைத்துவிட்டுச் சொன்னார்.

"கொயந்தை பொறந்த அன்னைக்கே பேச ஆரம்பிக்கணும். அதுக்குப் புரியுதா இல்லியான்னு பாக்கக் கூடாது. இப்ப காதுல போறதுதான் நாளைக்கு வாயில வரும். அப்புறம் அதான் எழுத்தாவும் வரும். அம்மா அப்பா மட்டும் பேசினா பத்தாது. இங்க இருக்கிறவங்க எல்லாரும் பேசணும்."

தூத்துக்குடிக்காரன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"டீச்சர், கோவப்படாதீங்க. பகல்ல பேச்சுச் சத்தம் கேட்டா நாங்க எப்ப தூங்க? தூக்கக் கலக்கத்துல கைய உள்ள விட்டா யாரு பதில் சொல்லுவா?"

அவன் சொன்னது சரி. நான் அவன் பக்கம்தான் இருந்திருப்பேன், வேறு யார் குழந்தையாவது இருந்தால்.

டீச்சரும் அவனை மறுக்கவில்லை. "கத்தச் சொல்லல தம்பி. பக்கத்துல உக்காந்து மெதுவாப் பேசுங்க. வேலைக்குப் போவும்போது ரெண்டு வார்த்தை. வரும்போது ரெண்டு வார்த்தை."

வீட்டுக்காரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாப்பா இது? சத்தம் வேணாம்னுதான சொன்னேன்? பேச வேணாம்னா சொன்னேன்? ஒரு கொயந்தைய ஊமையாட்டம் வளத்து வச்சிகினு என் தலையில போடுறீங்களா?"

அவர் சொன்னதும் சரிதான். அப்படி ஒரு சட்டத்தை யாரும் போடவில்லை. நாங்களே போட்டுக்கொண்டோம்.

டீச்சர் கிளம்பும்போது கெட்டி அட்டையில் ஒரு படப் புத்தகம் கொடுத்தார்.

"இவளுக்கு எதுக்குங்க இது? பள்ளிக்கூடம் போகட்டும். இப்ப கிழிச்சிருவா," என்றேன்.

"கிழிக்கட்டும். கடிக்கட்டும். கையில இருக்கட்டும் தம்பி."

பேசு என்றால் எப்படிப் பேசுவது? அதுதான் எனக்குத் தெரியவில்லை. அவள் முன்னால் உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். வாயில் ஒன்றும் வரவில்லை. மனைவிக்காவது ஊர்ப்பக்கம் கேட்ட பாட்டு ஒன்று ரெண்டு இருந்தது. எனக்கு அதுவும் இல்லை.

எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. ஷிப்ட் ஆரம்பிக்கும்போது மிஷின் ஓடாது. அந்தக் கொஞ்ச நேரம்தான் அங்கே வாய்க்கு வேலை. ஒவ்வொரு பாகத்தையும் விரல் நீட்டிக் காட்டி, வாயால் உரக்கச் சொல்ல வேண்டும். "முன் கதவு, ஓகே. ரெண்டு பட்டன், ஓகே. ஆயில், ஓகே." மனசுக்குள் சொன்னால் செல்லாது. அது ஞாபகம் வந்தது.

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ரூமைச் சுற்றினேன். விரலை நீட்டினேன். "குடம், ஓகே. அடுப்பு, ஓகே. ஃபேன், ஓகே. அம்மா, ஓகே."

மனைவி திரும்பிப் பார்த்தாள். "என்னை ஏன் செக் பண்றீங்க?" என்றாள். அந்த ரூமில் அவள் முழுசாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

பையன்களும் பழகிக்கொண்டார்கள். கிளம்பும்போது எங்கள் வாசலில் ஒரு நிமிஷம் குத்துக்காலிட்டு உட்காருவார்கள். தேனிப் பையன் கேண்டீனில் போட்ட சாப்பாட்டை வரிசையாகச் சொல்வான். இன்னொருவன் கம்பெனி பஸ்ஸில் யார் யார் தூங்கிக்கொண்டு வந்தார்கள் என்று சொல்வான். தூத்துக்குடிக்காரன் மட்டும் வரமாட்டான். கையைக் காட்டிவிட்டுப் போவான். அவளும் காட்டுவாள்.

தினமும் சாயங்காலம் அந்தப் புத்தகத்தைத் திறப்பேன். நான் எட்டாவதோடு நின்றவன். எழுத்துக்கு அடியில் விரலை வைத்து மெதுவாகத்தான் போவேன். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியாது. படிப்பது என்றால் இவ்வளவு நேரம் ஆகும் போல என்று இருந்தாள். ஓரத்தைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

மாதங்கள் போயின. ஒன்றும் வரவில்லை. டாக்டர் விடாதீர்கள் என்றார். விடவில்லை. நம்பிக்கை இருந்தது என்று சொல்ல மாட்டேன். தினம் மிஷினைத் துடைப்பதுபோல் செய்தோம்.

ஒரு மத்தியானம் ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து வந்து வாசலில் உட்கார்ந்திருந்தேன். பையன்கள் பாதிப் பேர் நைட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மகள் நடையில் நின்றாள். தூத்துக்குடிக்காரன் வாசலில் அவன் செருப்பு கிடந்தது. அவள் விரலை நீட்டினாள்.

"செப்பு!"

நடை முழுக்கக் கேட்டது. ஷீட்டில் பட்டுத் திரும்பி வந்தது. மறுபடியும், இன்னும் பலமாக, "செப்பு!"

நான் என்ன செய்தேன் தெரியுமா. கையை விரித்து அவள் முகத்துக்கு நேரே காட்டினேன். நினைத்துச் செய்யவில்லை. கை தானாகப் போய்விட்டது. அவள் என் கையைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

கதவு திறந்தது. தூத்துக்குடிக்காரன் கைலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண் திறக்க முடியவில்லை அவனுக்கு. அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். என் கை இன்னும் மேலேயே இருந்தது.

"கைய எறக்குங்கண்ணே," என்றான்.

இறக்கினேன். அப்படியே தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

அவன் வாசற்படியில் உட்கார்ந்தான். ஒரு செருப்பை எடுத்து அவள் முன்னால் வைத்தான். "இது என்னட்டி?"

அவள் என்னைத்தான் பார்த்தாள். என் கையைத் தேடினாள். கை இல்லை.

"என்னட்டி இது? சொல்லு. தூக்கத்தக் கெடுத்துட்டல்லா, சொல்லிட்டுப் போ."

"செப்பு," என்றாள், மெதுவாக.

"செருப்பு, ஓகே," என்றான். அடுத்ததை எடுத்தான். "இது?"

"செப்பு."

"அதுவும் ஓகே."

கடைசி ரூமிலிருந்து ஒருவன் தலையை நீட்டி, "யாருடா பேசுறது?" என்றான். மனைவி கரண்டியோடு வந்து நின்றாள். எனக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. கை மரத்துப்போயிருந்தது, அதுதான் தெரிந்தது. அன்றைக்கு ராத்திரி வேலைக்குப் போகும்முன் தூத்துக்குடிக்காரன் முகத்தில் தண்ணியை அடித்து அடித்துக் கழுவினான். மறுநாள் அவன் ரெண்டு கையோடும் திரும்பி வந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

போன மாதம் மூலை ரூமுக்குப் புதுசாக ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். கைக்குழந்தை. குழந்தை சிணுங்கியதும் அந்தப் பெண் "உஷ்" என்றாள். வீட்டுக்காரம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"த பாரும்மா. பசங்க தூங்குவாங்க, மெதுவாப் பேசு. ஆனா அதுங்கிட்ட பேசாம கெடந்தீங்கன்னா ரூமைக் காலி பண்ண வச்சிருவேன். இப்பவே சொல்லிட்டேன்."

அந்தப் பெண் பயந்துபோய்க் குழந்தையிடம், "ரூம் நல்லா இருக்குடா," என்றாள். முதல் நாளே ஆரம்பித்துவிட்டது. நல்லது. எங்களுக்கு இதைச் சொல்ல அன்று ஆள் இல்லை.

என் மகளுக்கு இப்போது கொஞ்சம் வார்த்தை வருகிறது. செருப்பு, குடம், ஃபேன், பஸ்ஸு, அம்மா. அவள் வயதுக்கு இது குறைச்சல்தான் என்று டாக்டர் சொல்கிறார். வரும் என்றும் சொல்கிறார். அப்பா இன்னும் வரவில்லை. வேலை முடிந்து வந்தால் நடையின் அந்தக் கோடியில் நின்று காதில் விரலை வைக்கிறாள். நான் உடனே போவதில்லை. அங்கேயே நின்று, என் நெஞ்சில் விரலை வைத்து, "அப்பா" என்று சொல்கிறேன். அப்புறம்தான் போய்த் தூக்குகிறேன்.