மண்வளையத்துக் கல்

மூவாருக்கு அப்பால் நான் கிராணியாகக் கணக்கெழுதிய ரப்பர்த் தோட்டத்தில், புதுக்காடு அழித்தபோது ஒரு மண்வளையம் வெளிப்பட்டது. ஆளுயரக் கரை, வட்டமாக. வரலாற்றுக்கு முந்தைய மாந்தர் வழிபாட்டுக்கு எழுப்பியது என்றார், அதைப் பார்க்கச் சிங்கப்பூரிலிருந்து வந்த வெள்ளைக்காரர். அவரையும் எனக்குப் பிடிக்கவில்லை. அவரை அழைத்துவந்த தோட்டத்துரையையும் பிடிக்கவில்லை. மொழிபெயர்க்க வேண்டுமென்று என்னை முன்னே நடக்கவிட்டார்கள். அட்டைகளுக்கு முதல் இரை என் கால்கள்.

வளையத்தின் நடுவே மஞ்சள் பூசிய கல் ஒன்று நின்றது. காடு திறக்கும் இடத்தில் கல் நட்டு முனியாண்டிக்குச் சேவல் அறுப்பது எங்கள் தோட்டத்தார் வழக்கம். வந்தவரோ அதன்முன் மண்டியிட்டுவிட்டார். தொல்பழங்கல்லாம், பெயர்த்துக் காட்சிசாலைக்குக் கொண்டுபோவாராம்.

"ரொம்பப் பழசுன்னு தொரெகிட்டச் சொல்லுங்க. எங்க பாட்டன் காலத்துக்கும் முந்தி," என்றான் கூலிகளை மேய்க்கும் கங்காணி. அவன் பாட்டன் இந்நாட்டுக்கு வரும் கப்பலையே கண்டதில்லை.

புல் வெட்டிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி கத்தியோடு நிமிர்ந்தாள்.

"யோவ் கங்காணி, வாய் கூசல? போன மாசியில என் வீட்டுக்காரரு ஆத்துலேர்ந்து சொமந்தாந்த கல்லுய்யா அது! அன்னிக்குச் சேவத் தொடையத் தின்னது யாரு, ஒன் பாட்டனா?"

பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "கிராணி ஐயா, எங்க சாமியத் தூக்கிட்டுப் போறாங்க. எடுத்துச் சொல்லுங்க."

ஒரு சொல் விடாமல் சொன்னேன், தொடையையும் விடவில்லை. வந்தவர் முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். கல்லின்மேல் அவருக்கிருந்த பற்று அத்துடன் அற்றது. ஆனால் துரை சிவந்தார். தம்மைக் கேளாமல் தம் நிலத்தில் கோயிலா? பிடுங்கி எறியச் சொன்னார்.

பெண்கள் எவரும் அசையவில்லை. துரையின் கைத்தடி கங்காணியை நோக்கி நீண்டது. அவன் தலைப்பாகையை அவிழ்த்தான், செருப்பைக் கழற்றினான், கல்லின் அருகே குனிந்து முணுமுணுத்தான்: "தொரெ சொல்றாரு சாமி. எம்மேல கோவிச்சுக்காத."

"சத்தமாச் சொல்லுய்யா," என்றாள் அவள். "சாமி ஒன் மூஞ்சிய மறந்துடப் போவுது."

கல்லை அசைத்துப் பிடுங்கி, கரையின் உடைப்பு வழியே வெளியே ஓடும் ஓடையில் உருட்டினான். அதற்குள் வந்தவர் அளவு நாடாவின் ஒரு முனையை என் கையில் திணித்துவிட்டுக் கரையை அளக்கத் தொடங்கியிருந்தார். என்றோ செத்தவர்கள் எழுப்பிய மண்மேட்டை அத்தனை பரிவோடு தொட்ட விரல்களை நான் வெறுத்தேன்.

அவள் என் எதிரே வந்து நின்றாள்.

"நான் சொன்னத அப்படியே சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அவங்களுக்குப் புரிஞ்சுதா?"

"புரிந்தது."

"புரிஞ்சுமா?" என்றாள். வெற்றிலைச் சாற்றை நாடாவின்மேல் உமிழ்ந்துவிட்டு, கல்லைத் தேடி ஓடையில் இறங்கினாள்.