ஈரத்துணி போட்ட இன்ஜின்

ஓடிக்கொண்டிருக்கும் எந்த இயந்திரத்தையும் ஜான் சித்தப்பா தொட்டுப் பார்க்காமல் கடந்ததில்லை. சிக்னலில் பக்கத்தில் நிற்கும் ஆட்டோ, கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர், எங்கள் வீட்டு மிக்ஸி, எதுவானாலும் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்தால் அதன் சொந்தக்காரரைப் பார்த்து, "கொதிக்குதுபா, நிறுத்து" என்பார். நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து இதைப் பார்க்கிறேன். என் லேப்டாப்பின் அடியில்கூடக் கை வைத்திருக்கிறார்.

அதற்குக் காரணம் உண்டு. பெசன்ட் நகர் குப்பத்தில் படகு இன்ஜின்களைப் பழுது பார்ப்பவர் அவர். இளவயதில் அவரும் என் அப்பாவும் கடலுக்குப் போனபோது, இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஏறுகிற துளையை ஒரு பிளாஸ்டிக் பை அடைத்துக்கொண்டது. இன்ஜின் சூடேறி இறுகிவிட்டது. வேறொரு படகு வந்து கயிறு போடும்வரை இரண்டு பேரும் திக்குத் தெரியாமல் மிதந்திருக்கிறார்கள். அன்றிலிருந்து சூடு என்றாலே அவருக்குச் சாவுதான்.

கோபாலபுரத்திலிருந்து வெங்கடேஷ் என்பவர் ஒரு நாள் கைக்குள் அடங்கும் ஓர் இன்ஜினைக் கொண்டுவந்து அவரிடம் காட்டினார். ரேடியோ ரிமோட்டில் ஓட்டும் சின்னப் பந்தயக் காரின் இன்ஜின், நைட்ரோ என்ற எரிபொருளில் ஓடுவது. கார் முழங்கை நீளம்தான். ஆனால் உள்ளே நிஜமான பிஸ்டன், நிஜமான கார்புரேட்டர், நிஜமான புகை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சித்தப்பா ஆதம்பாக்கத்துக் காலி மைதானத்துக்குப் போய்விடுவார். அங்கே மண்மேடும் பள்ளமுமாகப் பாதை போட்டு ஒரு குழு கார் ஓட்டும். "ஜான் அண்ணா, கொஞ்சம் ஸ்டார்ட் பண்ணிக் குடுங்க" என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். இவர் குனிந்து ஸ்டார்ட் செய்து கொடுப்பார். ரிமோட் மட்டும் எப்போதும் அவர்கள் கையில் இருக்கும்.

ஒரு தடவையாவது ஓட்டுபவர்கள் நிற்கும் அந்த மரமேடையில் தானும் ஏறி நிற்க வேண்டும் என்பது அவர் ஆசை. வெங்கடேஷுக்கு அது தெரிந்திருந்தது. இன்ஜின் இல்லாத பழைய கார் ஒன்றைக் கொடுத்து, "இன்ஜின் மட்டும் போட்டுக்குங்கண்ணா. பொங்கல் பந்தயத்துல டிரைவரா உங்க பேரைச் சேர்த்துடறேன்" என்றார்.

இன்ஜினைத் தேர்ந்தெடுப்பதற்குள் என் உயிர் போய்விட்டது. இருபத்தொன்று, இருபத்தெட்டு என்று கொள்ளளவில் இரண்டு வகைகள் உண்டு. அந்தப் பந்தயத்தின் விதி இருபத்தொன்று. சித்தப்பாவோ, "பெருசு போடு. படகுக்கு எவனாவது சின்ன இன்ஜின் கேப்பானா?" என்றார். விதியைப் படித்துக் காட்டினேன். "விதியை எழுதினவன் கடலுக்குப் போனானா?" என்றார். பிறகு, கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்கிற மாதிரிதான் வேண்டும் என்று பிடிவாதம். கடைசியில் கயிறு வைத்த இருபத்தொன்றாக ஒன்றை முடிவு செய்து, வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும் ஒருவர் மூலம் வரவழைத்தோம். அது கெட்டால் பொங்கலுக்குள் இன்னொன்று கிடைக்காது. இதை நான் அவரிடம் தினமும் சொன்னேன்.

புது இன்ஜினை அப்படியே முறுக்கி ஓட்டக் கூடாது. பதமாக ஓட்டிப் பழக்க வேண்டும். நான் மெக்கானிக்கல் படித்தவள். எங்கள் வீட்டில் கல்லூரியை முடித்த முதல் ஆள். இப்போது அடையாறில் ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் அடிபட்ட கார்களின் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்ஜினைப் பற்றி எனக்குத் தெரிந்தது எவ்வளவு, படித்தது எவ்வளவு என்று எனக்கே சந்தேகம் வருவதுண்டு. ஆனால் இந்த விஷயம் எனக்கு நன்றாகப் புரிந்திருந்தது. இந்த இன்ஜின்களில் பிஸ்டன் ஏறி இறங்கும் குழாய் மேலே போகப் போகக் குறுகும். குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் உச்சியில் போய் இறுகி நிற்கும். சூடேறினால்தான் குழாய் விரிந்து சரியான அளவுக்கு வரும். குளிரக் குளிர ஓட்டினால் பிஸ்டன் உரசி உரசித் தேய்ந்துவிடும். அதனால் முதலில் இன்ஜினைச் சூடாக்கிவிட்டுத்தான் கயிற்றை இழுக்க வேண்டும்.

என் தங்கை கயலின் ஹேர் டிரையரை எடுத்துக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போனேன்.

"இன்னா இது? இன்ஜினுக்கு சடை பின்னப் போறியா?" என்றார் சித்தப்பா.

"சூடு பண்ணணும் சித்தப்பா. புக்ல போட்டிருக்கு."

"புது இன்ஜினை எவனாவது சூடு பண்ணுவானா? பச்சப்புள்ளயக் கொண்டுபோய் வெயில்ல போடுவியா நீ?"

ரோஸி சித்தி உள்ளேயிருந்து கத்தினாள். "மீன் அலசற பேசின்ல அதை வெச்சிக்கினு ரெண்டு பேரும் இன்னா சண்டை? எனக்கு பேசின் வேணும், சொல்லிட்டேன்!"

அவர் கயிற்றை இழுத்தார். தெருவே திரும்பிப் பார்க்கும் சத்தம், வெள்ளைப் புகை. உடனே பழைய லுங்கித் துண்டை வாளியில் முக்கி, பிழிந்து, இன்ஜின் தலையில் போர்த்தினார். நான் பிடுங்கி எறிந்தேன். அவர் எடுத்து மறுபடியும் போட்டார்.

"சித்தப்பா, தேஞ்சிடும்!"

"கடல்ல இத்தினி வருசம் கெடந்தவன் நானு. நீ எக்ஸாம் எழுதினவ. தொட்டுப் பாரு, ஜில்லுனு கீது!"

அந்த ஜில்லுதான் பிரச்சினை என்பதை அந்தச் சத்தத்தில் எப்படிச் சொல்வது? டாங்க் தீரத் தீர எரிபொருளை ஊற்றி, துணியை நனைத்து நனைத்துப் போட்டு, சாயங்காலம்வரை அதைத் தேய்த்தார். புது இன்ஜினின் சக்கரத்தைச் சுற்றினால், பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தில் அது விரலுக்கு மசியாமல் நிற்க வேண்டும். இது ஒரே விரலில் சுழன்றது. "பாத்தியா, வெண்ணெ மாதிரி சுத்துது" என்று என்னிடம் காட்டினார். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

பொங்கல் விடுமுறையில் பந்தயம். சித்தப்பா புதுச்சட்டை போட்டு மேடையில் ஏறினார். முதல் சுற்றில் மூன்றாவதாக வந்தார். நானே விசிலடித்தேன். பிறகு இன்ஜின் சூடேறியது. சத்தம் மெலிந்தது. தூர வளைவுக்குப் போய் அப்படியே நின்றுவிட்டது. ஓடிப்போய்த் தூக்கிவந்து கயிற்றை இழுத்தோம். இழுக்கும்போது கயிற்றில் பாரமே இல்லை; பிஸ்டன் தேய்ந்து உள்ளே அழுத்தம் நிற்கவில்லை.

"எண்ணெ சரியில்ல" என்றார் சித்தப்பா.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம். ஒரு பந்தயத்தில் ஓட்டியவர்கள் அன்றே அடுத்து நடக்கும் பந்தயத்தில் வளைவுகளில் போய் நிற்க வேண்டும். கவிழும் கார்களை நிமிர்த்திவிடுவது அவர்கள் வேலை. சித்தப்பா காரைத் துண்டில் சுற்றிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். அவர் நிற்க வேண்டிய வளைவில் வெங்கடேஷின் கார்தான் கவிழ்ந்தது. சக்கரங்கள் மேலே சுழல, நிமிர்த்த ஆளில்லாமல் கிடந்தது. நான் ஓடினேன். பந்தயத்தை நடத்துகிறவர் தடுத்துவிட்டார்.

"நீங்க வேணாம்மா. ஓட்டினவங்கதான் நிக்கணும்."

வெங்கடேஷுக்குக் கோபமில்லை. "அண்ணா வளைவுல நிக்க வேண்டிய ஒரு ரவுண்டு பாக்கி வெச்சிருக்கார். வந்து நின்னுட்டாருன்னா அடுத்த பந்தயத்துல ஓட்டலாம். என்கிட்ட ஒரு பழைய இன்ஜின் இருக்கு, தர்றேன்" என்றார்.

அதைச் சொல்லப் போனபோது சித்தப்பா ஒரு படகு இன்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"முன்ன ஸ்டார்ட் பண்ணிக் குடுத்துக்கினு இருந்தனே, அப்போ ஏன் என்னை நிக்கச் சொல்லல?"

"ஹெல்ப்புக்கு வர்றவங்களுக்கு அது கிடையாது. டிரைவருக்குத்தான்."

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அப்போ எம் பேரு இன்னும் டிரைவர் கணக்குலதான் கீதா?"

"ஆமா. போய் நின்னுட்டு வா சித்தப்பா."

"நின்னுட்டா?"

"நின்னுட்டா பாக்கி தீர்ந்துடும்."

"பாக்கி கீற வரைக்கும் நான் டிரைவர்தானே? இருக்கட்டும், இன்னா அவசரம்" என்றார்.

வெங்கடேஷ் சனிக்கிழமைதோறும் எனக்குப் போன் செய்கிறார். இந்த வாரமாவது வருவாரா என்று கேட்கிறார். நானும் போய்க் கேட்கிறேன். வேலை கீது, மழை வரும், சட்டை காயல என்று ஏதாவது சொல்கிறார். சித்தப்பா இன்னும் போய் நிற்கவில்லை.