ஏழு நிமிஷம் கூட

கடப்பாக்கம் மினி பஸ் ஸ்டாப்பிங்கில் ஒரு கடிகாரம் தொங்குகிறது. நிழற்குடைத் தூணில் ஆணி, ஆணியில் கடிகாரம், மழை படாமல் மேலே பாலிதீன் கவர். சொந்தக்காரி விஜயகுமாரி அக்கா. வேலை டைம் கீப்பர். மதுராந்தகம் போகிற ரெண்டு மினி பஸ்ஸும் எப்போது கிளம்பணும் என்று விசில் ஊதுவது அவங்கதான்.

ஏழு மணி வண்டி மோகன் அண்ணனுடையது. ஏழு பத்து வண்டி தாவீது அண்ணனுடையது. முன்னால் போகிறவன் எவ்வளவு நேரம் நிற்கிறானோ அவ்வளவு ஆள் ஏறும், பின்னால் வருகிறவனுக்குக் காலி சீட்டுதான். அதனால் மோகன் அண்ணன் தன் ஃபோனில் நேரத்தை அஞ்சு நிமிஷம் பின்னால் தள்ளி வைத்திருப்பார். தாவீது அண்ணன் அஞ்சு நிமிஷம் முன்னால். ரெண்டு பேரும் ஃபோனை நீட்டிக்கொண்டு வந்தால் அக்கா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க.

"ஃபோன் டைம் இங்க செல்லாது. போய் வண்டில குந்து."

பெரிய நேர்மையான கடிகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். அது ஏழு நிமிஷம் ஃபாஸ்ட். எங்கள் ஊரில் எந்தக் கடிகாரம்தான் சரி? எங்கள் வூட்டில் பன்னெண்டு நிமிஷம் ஃபாஸ்ட், சலூனில் பத்து, கோயிலில் சாமிக்கு நாலு. லேட் ஆகக் கூடாது என்று முள்ளைத் தள்ளி வைப்பார்கள். அப்புறம் தள்ளி வைத்தது ஞாபகம் வந்து, மனசிலேயே கழித்துக்கொண்டு, கடைசியில் லேட்டாகத்தான் போவார்கள். ஸ்டாப்பிங்கில் ஏழு ஏழு காட்டினால் மணி ஏழு. மீன் கூடைக்காரிகளிலிருந்து காலேஜ் பசங்கள் வரை எல்லாருக்கும் தெரியும். பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்ட எனக்கே இந்தக் கழித்தல் தண்ணிபட்ட பாடு.

அதனால்தான் அந்த யோசனை வந்தது. கடிகாரத்தை யாராவது சரியாக வைத்துவிட்டால் என்ன ஆகும்?

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், வெயிலில் ஸ்டாப்பிங்கில் ஈ காக்கை இல்லை. பெஞ்சு மேல் ஏறி, கவரைத் தூக்கி, முள்ளை ஏழு நிமிஷம் பின்னால் திருப்பினேன். நான் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான். ஒரு பொய்யை நிஜமாக்கினேன்.

திங்கள்கிழமை அக்கா வழக்கம்போல ஏழைக் கழித்து விசில் ஊதினாங்க. மோகன் அண்ணன் வண்டி நிஜமாகவே ஏழு ஏழுக்குக் கிளம்பியது, ஏழு பத்து வண்டிக்கு வந்த கூட்டத்தையும் ஏத்திக்கொண்டு, புளிமூட்டை மாதிரி. தாவீது அண்ணன் வண்டியில் அவரும் கண்டக்டரும்தான். மூணு நாள் இப்படி. தாவீது அண்ணன் ஹாரனிலேயே கையை வைத்துக்கொண்டு கத்தினார். ஃபோனைக் காட்டினார். இந்தத் தடவை அதில் சரியான நேரம்தான் இருந்தது, ஆனால் அவர் ஃபோனை எவன் நம்புவான்? நான் பெஞ்சு பின்னால் நின்று, துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

வியாழக்கிழமை சிரிப்பு நின்றது. மினி பஸ் சங்கத் தலைவர் தேவேந்திரன் டீக்கடைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். தாவீது அண்ணன் புகார் கொடுத்திருந்தார்: அக்கா மோகன் பக்கம் சாய்ந்துவிட்டாங்க, ஆளை மாத்துங்க.

"ஏழு வருஷமா ஊதுறேன் தலைவரே," என்றாங்க அக்கா. "ஒருத்தன் பக்கம் ஒரு நிமிஷம் சாய்ஞ்சது கெடையாது."

தேவேந்திரன் எழுந்து போய்க் கடிகாரத்தைப் பார்த்தார். தன் ஃபோனைப் பார்த்தார். ரெண்டிலும் பதினொண்ணு அஞ்சு.

"கடிகாரம் கரெக்டாத்தானே கீது? கரெக்டான கடிகாரத்தை வெச்சிகினு ஏழு நிமிஷம் லேட்டா ஊதுனா இன்னாம்மா அர்த்தம்?"

அக்கா ஓடிப்போய்ப் பார்த்தாங்க. முகம் வெளுத்துவிட்டது.

"இது கரெக்டா இருக்கக் கூடாது தலைவரே!"

டீக்கடையே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. கழுத்திலிருந்து விசில் கயிற்றைக் கழற்றி, சுருட்டி, கைக்குட்டையில் வைத்து முடிச்சுப் போட ஆரம்பிச்சாங்க. அந்த முடிச்சைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நான்தான் சரியா வெச்சேன்."

"இன்னாடி வைஷாலி?"

"ஞாயித்துக்கிழமை. முள்ளைத் திருப்பிட்டேன். சும்மா... தமாசுக்கு."

அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்தேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாங்க.

"யாரைக் கேட்டுடி சரியா வெச்ச?"

தாவீது அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "இந்தக் குட்டியால மூணு நாள் காத்து வாங்குனேன்!" மோகன் அண்ணன் மட்டும், "போனது போவுது, பச்சப்புள்ள," என்று பெருந்தன்மையாகச் சொன்னார். அவருக்கென்ன.

தேவேந்திரன் கையைத் தூக்கினார். "வுடு. இனிமே இது இப்படியே சரியா இருக்கட்டும். பர்மிட்ல ஏழுன்னா இந்திய நேரம் ஏழு. நாட்டுக்கு ஒரே டைம்தான்."

"நான் கூட்டி வெச்ச ஏழு நிமிஷம் போவக் கூடாது," என்றாங்க அக்கா.

"ஏன், அதுல இன்னா கீது?"

அக்கா கைக்குட்டை முடிச்சை இன்னும் இறுக்கினாங்க. "என் பத்தாவது பரிச்சை அன்னிக்கு பஸ் லேட்டு. ஏழு நிமிஷம். கேட்டைச் சாத்திட்டாங்க. படிப்பு அத்தோட சரி."

டீ மாஸ்டர் ஆத்துவதை நிறுத்திவிட்டார். நானும் பத்தாவதோடு நின்றவள்தான். ஆனால் நான் உள்ளே போய் உட்கார்ந்து, எழுதி, முறையாக ஃபெயில் ஆனவள்.

அக்கா மணிபர்ஸிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த ஒரு பேப்பர் துண்டை எடுத்தாங்க. பஜ்ஜி சுற்றி வந்தது.

"படிச்சிப் பாருங்க. எல்லா ஆபீசு, எல்லா வியாபாரமும் இந்திய நேரத்துலதான் நடக்கணும்னு கவர்மெண்டுல சட்டவிதி எழுதி, கருத்து சொல்லுங்கன்னு கேட்டுக்கீறாங்க. நானும் ஒரு கார்டு போட்டேன்."

"டெல்லிக்கா? இன்னான்னு?"

"எங்க ஊர்ல கடிகாரமெல்லாம் ஃபாஸ்டு, இன்னா பண்றதுன்னு. பதில் வர்ல." பேப்பரைத் தட்டினாங்க. "அந்த இந்திய நேரம் எங்கேர்ந்து வந்துச்சு? லண்டன் பக்கத்துல ஒரு ஊரு நேரத்தோட அஞ்சரை மணி கூட்டினாங்க. மிர்சாப்பூர் பக்கம் போற ஒரு கோட்டு மேல சூரியன் வர்ற கணக்கு அது. நம்மூருக்கு சூரியன் வர இன்னும் பத்து நிமிஷம் ஆவும். அதைத் தப்புன்னு யாராவது சொன்னாங்களா? எழுதி, கையெழுத்து போட்டு, ஊருக்கே சொல்லிட்டாங்க. அதான் சட்டம். நான் கூட்டுனது தப்பில்ல தலைவரே. எழுதி வெக்காததுதான் தப்பு."

தேவேந்திரன் தாடையைச் சொறிந்தார். ஒரு டீயைக் குடித்து முடித்தார். பிறகு பையிலிருந்து சங்கத்தின் லெட்டர் பேடை எடுத்தார்.

இப்போது கடிகாரத்துக்குக் கீழே அது ஒட்டியிருக்கிறது: 'இந்தக் கடிகாரம் இந்திய நேரத்தைவிட ஏழு நிமிடம் கூடுதல். வண்டிகள் இந்திய நேரப்படி கிளம்பும்.' கீழே தலைவர் கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்பு, ரெண்டு டிரைவர்களின் கையெழுத்து. சாட்சி என்று என்னையும் போட வைத்தாங்க அக்கா. தண்டனை தனி: தினமும் காலையில் வந்து, ஏழு நிமிஷம் ஏழாகவே இருக்கிறதா என்று பார்த்து நோட்டில் எழுதணும்.

"உன் ஃபோன்ல பாரு," என்றாங்க.

"ஃபோன் டைம்தான் செல்லாதே அக்கா?"

"டிரைவர் ஃபோன் செல்லாது. உன்னுது செல்லும். நீதான் சரியா வெக்கிறவளாச்சே."

விசில் திரும்பக் கழுத்தில் ஏறியது. முடிச்சை அவிழ்த்தது நான்தான். கட்டினவங்களுக்கு அது வரவில்லை, அவ்வளவு இறுக்கம்.

நோட்டீஸால் ஒரே ஒரு தொல்லை. முன்பெல்லாம் கடிகாரத்தைப் பார்த்துத் தானாக ஏழைக் கழித்தவர்கள், இப்போது நோட்டீஸையும் படித்துவிட்டு இன்னொரு ஏழைக் கழித்துக்கொண்டு சாவகாசமாக டீ குடிக்கிறார்கள். நேத்துகூட ஒரு மீன் கூடைக்காரி ஏழு மணி வண்டியை விட்டுவிட்டு, ஸ்டாப்பிங்கில் நின்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். எங்க அம்மாதான்.