அர்த்தநாரி கேட்காத ஓட்டு

அர்த்தநாரி பஞ்சாயத்துத் தேர்தலில் இரண்டு தடவை நின்றவர். முதல் தடவை அறுபத்து மூன்றாம் வருஷம், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே சொந்த வார்டில், ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். அடுத்த பஞ்சாயத்துத் தேர்தலை நடத்த அரசாங்கத்துக்குப் பதினாறு வருஷம் பிடித்தது. எழுபத்தொன்பதில் அறிவிப்பு வந்தபோது அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. நிலக்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தவர், கையில் ஒட்டிய மண்ணோடு மனுக் கொடுக்கப் போய்விட்டார். அந்த ஒற்றை ஓட்டு அத்தனை வருஷமும் மனிதரின் தொண்டையில் முள்ளாக நின்றிருக்கிறது.

முதல் தேர்தல் அர்த்தநாரியை நினைத்தால் சிரிப்பாகவும் இருக்கும், ஆசையாகவும் இருக்கும். சலவை வேட்டி, வில்வண்டி, வண்டி முகப்பில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி. ஆற்றுக்குப் பாலம், ஊருக்கு ஆஸ்பத்திரி, பாலக்காட்டுக்கு நேர் பஸ் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் வாரி வழங்கினார். வாசலில் பெண்கள் நின்றால் மட்டும், "ஊட்டுல ஆம்பளைங்க இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பச் சொல்வார். பெண்களிடம் போய் ஓட்டுக் கேட்பது கௌரவக் குறைச்சல் என்று எண்ணம். அந்த நாட்களைப் பிற்பாடு அவரே ஏக்கத்தோடு நினைத்துக்கொள்வார். காளைகளின் சலங்கைச் சத்தமும், மனைவி கமலாத்தாள் கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு முதன்முதலாக ஓட்டுப் போடக் கிளம்பிய காலையும் அவர் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

அந்தக் காலையில்தான் வினையே நடந்தது. வார்டில் மூன்று கமலாத்தாள்கள். சாவடி அதிகாரி ஆலப்புழைப் பக்கத்துக்காரர். பட்டியலைப் பார்த்துவிட்டுப் புருஷன் பேரைக் கேட்டார். கட்டியவன் பேரை வாயால் சொல்கிற வழக்கம் இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு ஏது? "திருச்செங்கோட்டுச் சாமி பேருங்க" என்றாள் கமலாத்தாள். கொங்கு நாட்டில் பிறந்த குழந்தைகூட அது அர்த்தநாரி என்று சொல்லிவிடும். ஆலப்புழைக்காரர் திருச்செங்கோட்டை எங்கே கண்டார்? ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டார். எடுத்துச் சொல்ல வேண்டிய ஏஜண்டு அவளுடைய சொந்தத் தம்பி கருப்புசாமி. அந்த நேரம் பார்த்து டீ குடிக்கப் போயிருந்தான். எதிராளி பொங்கியண்ணனின் ஏஜண்டுக்கு அவளை நன்றாகத் தெரியும். அவன் தெரியாதவன் போலக் கூரை உத்தரத்தை எண்ணிக்கொண்டிருந்தான். நின்று நின்று பார்த்துவிட்டு, தேர்தல் வேலை செய்யும் முப்பது பேருக்குச் சோறாக்க வேண்டுமே என்று அவள் வீடு திரும்பிவிட்டாள்.

அவள் போட்டிருந்தால் சமமாகியிருக்கும், சீட்டுக் குலுக்கியிருப்பார்கள். சீட்டு தனக்குத்தான் விழுந்திருக்கும் என்பதில் அர்த்தநாரிக்குச் சந்தேகமே கிடையாது. அவளை அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. யாராவது தேர்தல் பேச்சை எடுத்தால், "ஒரு ஓட்டுங்க" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். அடுப்படியில் அவள் கை ஒரு கணம் நிற்கும். பதினாறு வருஷம் இப்படியே போனது.

இரண்டாம் தடவை வண்டி இல்லை, குழாய் இல்லை. நடந்தே போனார். பாலம் கட்டுவேன் என்று சொல்லவில்லை. எந்தக் கிணறு வற்றியது, எந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டது என்று கேட்டுக்கொண்டார். பெண்களிடம் கைகூப்பி ஓட்டுக் கேட்டார். தோல்வி மனுசனைப் பக்குவப்படுத்திவிட்டது என்றது ஊர். பாதிதான் உண்மை என்பேன். மீதி வெறும் பயம். இன்னொரு ஓட்டு நழுவிவிடுமோ என்கிற பயம்.

தேர்தலுக்கு முந்தின நாள் கடைசி வீடு மூக்கம்மாளுடையது. களையெடுக்கப் போகிறவள். அவள் விரித்த சாக்கில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்தார். செம்பைத் திரும்ப வாங்கும்போது அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள்: "அல்லார்த்துகிட்டயும் கேட்டுப்போட்டீங்க. ஊட்டுல அம்மிணிகிட்டக் கேட்டீங்களாங்க?"

அர்த்தநாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வீடு வரும் வழியெல்லாம் மனம் குறுகியது. முன்பும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. தன் வீட்டு ஓட்டுத்தானே என்று சட்டைப்பைக்குள் இருப்பதாகவே நினைத்துவிட்டார்.

கமலாத்தாள் எருமைக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தாள். அவர் எதிரே போய் நின்று, ஊரெல்லாம் கூப்பிய கையை அவளுக்கும் கூப்பினார்.

"அன்னிக்குத் தப்பு என்ற மேலதான், அம்மிணி. உன்னைய ஒரு வார்த்தை கேக்கோணும்னு எனக்குத் தோணுல. இப்பக் கேக்கறேன். எனக்கு ஓட்டுப் போடு."

அவள் எருமையின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றாள். கண் நிறைந்துவிட்டது. அவருக்குச் சங்கடமாகி, பேர் சொல்கிற தொல்லை இந்தத் தடவை இருக்காது, கருப்புசாமி எழுந்தே போக மாட்டான், அவனே சொல்லிவிடுவான் என்றார்.

"வேண்டாமுங்க" என்றாள். "நீங்க கேட்டது என்ற ஓட்டு. நானே பாத்துக்கறேன்."

மறுநாள் பள்ளிக்கூடத்துச் சாவடியின் கதவோரம் அர்த்தநாரி நின்றிருந்தார். வரிசையில் வந்தவள் அதே கல்யாணச் சேலையைக் கட்டியிருந்தாள். ஓரம் நைந்து போயிருந்தது. அதிகாரி பட்டியலில் விரலை வைத்துப் புருஷன் பேரைக் கேட்டார். கருப்புசாமி வாயைத் திறந்தான். அவள் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள்.

"அர்த்தநாரி" என்றாள். குரல் உடையவில்லை.

பின்னால் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் தன் பேரை அந்த வாயால் அர்த்தநாரி கேட்டது அதுதான் முதல் தடவை. மேல்துண்டால் முகத்தைத் துடைப்பது போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இந்தத் தடவையும் பொங்கியண்ணனிடமே, முப்பத்தேழு ஓட்டில் தோற்றார். பொங்கியண்ணன் ஆட்கள் அவர் வீட்டு வழியாகவே வெடி வெடித்துக்கொண்டு போனார்கள். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவர்தான் எல்லாருக்கும் காப்பி எடுத்துக் கொடுத்தார். ஓட்டுக் கணக்குப் பேச்சை ஒருவர் எடுத்தபோது சுவரைப் பார்க்கவில்லை. எல்லாரும் போனபின் அடுப்படி வாசலுக்கு வந்தார்.

"இன்னொருக்கா சொல்லு."

"எதையுங்க?"

"அந்தப் பேரை."

கமலாத்தாள் அடுப்பிலிருந்து திரும்பவே இல்லை.

"நெனச்சப்பெல்லாம் சொல்றக்கு அதென்ன எருமை பேருங்களா? அடுத்த எலக்சன்ல நில்லுங்க, சொல்றேன்."